மெஷ் போடும் முன் சால்வரைக் கேளு

தங்கச்சி, "நிலத்தடி நீர் மாடலுக்கு எந்த மெஷ் சாஃப்ட்வேர் நல்லது அக்கா?" என்று போனில் கேட்டாய். நான் பதிலுக்கு "சால்வர் எது?" என்றதும், "அதை அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் மெஷ் போட்டு வைக்கிறேன்" என்றாய். எனக்கு அங்கேயே பக்கென்றது. அதே வரிசையில் போய் நானும் ஒரு மழைக்காலம் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். அழகான முக்கோண மெஷ் தயாராக இருந்தது. அதை வாங்கிக் கணக்கைத் தீர்க்கும் சால்வர்தான் எங்கள் கையில் இல்லை. போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு படி.

நீ எடுத்திருக்கும் இடத்தை வைத்தே பேசலாம். சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து போட்ட வண்டல் நிலம் அது. நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஆழ்குழாய்க் கிணறுகள் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம்தான் இருக்கின்றன. இறைப்பு கூடக்கூட, 1960களின் கடைசியிலேயே மீஞ்சூர்ப் பக்கம் உப்பு ஏறத் தொடங்கிவிட்டது. மேலே ஒரு மணல் நீர்த்தாங்கி, நடுவில் களிமண், அதற்குக் கீழே இன்னொரு நீர்த்தாங்கி. கிழக்கே வங்கக்கடல், கரையை ஒட்டி உப்புநீரோடு கிடக்கும் பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் கழிமுகம். இவை ஒவ்வொன்றும் உன் மெஷ்ஷில் ஒரு கோடாகவோ புள்ளியாகவோ படலமாகவோ வந்து உட்காரப்போகிறது.

இந்த நிலத்தின் உருவத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள். நீளமும் அகலமும் கிலோமீட்டர் கணக்கில். தடிமன் சில பத்து மீட்டர்தான். விரித்துப் போட்ட பாய் மாதிரி. இயந்திர பாகங்களுக்காக எழுதப்பட்ட பொதுவான மெஷ் மென்பொருள்கள் இதைக் கண்டால் திணறும். மாடல் பரப்பு 30 கிலோமீட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வை. நடுவில் 5 மீட்டர் களிமண் படலம். உருவம் கெடாத நான்முகிகளால் அதை நிரப்ப நினைத்தால் விளிம்பும் ஏறத்தாழ 5 மீட்டர் இருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் படலத்தின் ஒரு முகத்துக்கு மட்டும் 11 கோடி முக்கோணம் வரும். ஆகவே மேலிருந்து பார்க்கும் தளத்தில் மெஷ் போட்டு, அதைக் கீழ்நோக்கி அடுக்கடுக்காக இறக்குவதுதான் நமக்கு வழி. இரண்டு பரிமாணத்தில் நன்றாக வேலை செய்து, படலங்களைத் தனியாகக் கையாள விடும் மென்பொருளைத் தேடு. முப்பரிமாணத்தில் ஜொலிக்கும் படத்தைப் பார்த்து மயங்காதே.

சால்வருக்கு எது செரிக்கும்?

மாட்ஃப்ளோ என்ற சால்வரை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1984-ல் வெளியிட்டது. வெகு காலம் அதற்கு குறுக்கு வரிசையும் நெடு வரிசையுமான செவ்வகக் கட்டம் மட்டும்தான் தெரியும். கரையோரம் ஓரிடத்தில் கட்டத்தைச் சின்னதாக்கினால் அந்த வரிசை மேற்கு எல்லை வரை சின்னதாகவே போகும். 2013-ல் மாட்ஃப்ளோ-யூஎஸ்ஜி வந்தது, 2017-ல் மாட்ஃப்ளோ 6 வந்தது. அதன்பின் எந்த வடிவச் செல்லும் போடலாம் என்றாகிவிட்டது. இந்த "எந்த வடிவமும்" என்ற இடத்தில் கொஞ்சம் நின்று கவனி.

பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இரண்டுக்கு நடுவே எவ்வளவு நீர் போகிறது என்பதை மாட்ஃப்ளோ எப்படிக் கணக்கிடுகிறது? இரண்டு மையங்களின் நீர்மட்ட வித்தியாசத்தை எடுக்கிறது, மையங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுக்கிறது, நடுச்சுவரின் பரப்பாலும் நீர் கடத்துதிறனாலும் பெருக்குகிறது. அவ்வளவுதான். இது சரியாக வர வேண்டுமானால் மையங்களை இணைக்கும் கோடு நடுச்சுவரைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினாலும் மாடல் ஓடும். பிழைச் செய்தி வராது. உள்ளே வந்த நீரும் வெளியே போன நீரும் கணக்கில் அழகாகப் பொருந்தும். நீர்மட்டம் மட்டும் தப்பாக இருக்கும். என்னைப் பயமுறுத்துவது இந்த அமைதிதான். சால்வர் நின்றுபோனால் நீ தேடிக் கண்டுபிடிப்பாய். ஓடி முடித்துவிட்டால் படம் போட்டு அறிக்கையில் ஒட்டிவிடுவாய்.

வோரனாய் செல்கள் இந்த நிபந்தனையைப் பிறவியிலேயே காப்பாற்றுகின்றன. புள்ளிகளைத் தூவி, எந்த இடம் எந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருக்கிறதோ அந்த இடத்தை அந்தப் புள்ளிக்கே கொடுத்துவிடுகிறோம். எனவே இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள சுவர் அவற்றின் நடுக்குத்துக்கோடாகவே அமையும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: செல் மையம் என்று அந்தப் புள்ளியையே கொடு. பலகோணத்தின் சராசரி மையத்தைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதினால் கிடைத்த நன்மையை நீயே கெடுத்துவிடுவாய்.

சதுரத்தை நான்காக, அதை மறுபடி நான்காகப் பிரித்துக்கொண்டே போகும் குவாட்ட்ரீ கட்டத்தில் கதை வேறு. ஒரு பெரிய சதுரத்தின் பக்கத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள் நிற்கும் இடத்திலெல்லாம் மையக்கோடு சாய்கிறது. இதற்காக மாட்ஃப்ளோ 6-ல் கோஸ்ட் நோடு திருத்தமும், எக்ஸ்டி3டி என்ற வசதியும் இருக்கின்றன. இரண்டாவதைப் போட்டால் கணக்கு நேரம் கூடும். கூடட்டும், போடு.

பிஃப்ளோட்ரான், டஃப் மாதிரியான சால்வர்களும் இந்தச் செங்குத்து விதியை எதிர்பார்க்கும் குடும்பம்தான். ஃபீஃப்ளோ, ஓப்பன்ஜியோசிஸ் இரண்டும் ஃபைனைட் எலிமென்ட் குடும்பம். முக்கோணமும் பிரிசமும் அவற்றுக்குப் பழக்கம், ஒடுங்கிய கோணம்தான் அவற்றுக்கு எதிரி. சூட்ராவும் ஃபைனைட் எலிமென்ட்தான், ஆனால் முக்கோணத்தை வாங்காது. தளத்தில் நாற்கோணம், முப்பரிமாணத்தில் அறுமுகி. சீவாட் எடுத்தால் செவ்வகக் கட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பார், சால்வரைச் சொன்னதுமே பாதி மென்பொருள்கள் தானாகக் கழிந்துவிட்டன.

உனக்கு நான் சொல்வது மாட்ஃப்ளோ 6. கடல்நீரின் அடர்த்தி வித்தியாசத்தையும் உப்பின் நகர்வையும் அது சேர்த்தே தீர்க்கும், காசு கிடையாது, கரையோரம் மட்டும் செல்லைச் சின்னதாக்கவும் முடியும்.

ஆற்றுக் கோட்டைச் சுத்தம் செய்

ஒரு திட்டத்தில் ஆற்றின் போக்கைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்து கொடுத்திருந்தார்கள். அதை அப்படியே டிரையாங்கிள் என்ற மெஷ் மென்பொருளுக்குக் கொடுத்தேன். இருபதாயிரம் செல் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதைப்போல் பல மடங்கு வந்தது. திரையில் பார்த்தால் ஆற்றின் ஒரு வளைவில் மை கொட்டியது மாதிரி ஒரு கறுப்பு. பெரிதாக்கினேன், இன்னும் கறுப்பு. மறுபடி மறுபடி பெரிதாக்கிய பிறகுதான் தெரிந்தது, 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள். வரைந்தவர் அந்த இடத்தில் மௌஸை இரண்டு தடவை தட்டியிருக்கிறார். அந்த 3 சென்டிமீட்டர் விளிம்புக்கு ஒரு குட்டி முக்கோணம், அதைச் சுற்றிக் கொஞ்சம் பெரியது, அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பெரியது என்று விசிறி விசிறியாக நிரம்பியிருந்தது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. கொடுத்த கோடுதான் அழுக்கு.

அதனால் எந்த மென்பொருளைத் திறப்பதற்கும் முன்னால் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் உட்காரு. ஆறு, கால்வாய், கடற்கரை, மாடல் எல்லை எல்லாவற்றையும் எளிமையாக்கு. ஆற்றோரச் செல் 100 மீட்டர் என்றால் கோட்டின் முனைகளும் ஏறத்தாழ 100 மீட்டருக்கு ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு நெளிவையும் காப்பாற்றப் பார்க்காதே. கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே முனை இருக்கிறதா என்று பாரு. ஆற்றின் நுனி எல்லைக் கோட்டைத் தாண்டி அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே மறுபடி மை கொட்டும்.

ஓடை ஆற்றோடு சேரும் இடம் இன்னொரு தொல்லை. டிரையாங்கிளில் தனியாகச் சொல்லாவிட்டால் குறைந்தபட்சக் கோணம் 20 டிகிரி. 30 கேட்டாலும் பெரும்பாலும் கொடுக்கும். ஆனால் நீ கொடுத்த இரண்டு கோடுகளே 8 டிகிரியில் சந்தித்தால் அந்தக் கோணத்தை யாராலும் பெரிதாக்க முடியாது. ஓடையை ஒரு செல் தூரம் முன்னாலேயே வெட்டிவிடு. நீர்க் கணக்கில் அது தெரியவே தெரியாது.

ஆயத்தொலைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிகிரியில் இருக்கும் கோப்பை மெஷ் மென்பொருளுக்குக் கொடுக்காதே. தளத்தில் டிகிரி, ஆழத்தில் மீட்டர் என்றால் ஒன்றும் உருப்படாது. சென்னைப் பகுதிக்கு யூடிஎம் 44 வடக்கு மண்டலம். அதிலும் ஒரு குழி இருக்கிறது. மீஞ்சூரின் வடக்கு ஆயத்தொலைவு 14 லட்சம் மீட்டருக்கு மேல். வழியில் எந்த நிரலாவது எண்ணை ஒற்றைத் துல்லியத்தில் சேமித்தால், அந்த அளவு எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விழும். கிணற்றைச் சுற்றிய சின்னச் செல்கள் கோணலாகிப் போகும். உள்ளூரில் ஒரு மூலப்புள்ளி வைத்து, எல்லாவற்றிலும் அதைக் கழித்துவிட்டு வேலை செய். கழித்த எண்ணைக் கோப்பின் முதல் வரியில் எழுதி வை.

செல் அளவை உப்பு தீர்மானிக்கும்

நீர்மட்டம் மட்டும் போதும் என்றால் 500 மீட்டர் செல்லிலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். உப்பு நகர்வு என்றவுடன் விதி கடுமையாகிறது. செல்லின் நீளம், நீளவாக்குப் பரவல் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நம் துறையில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. பரவல் நீளம் 10 மீட்டர் என்றால் செல் 20 மீட்டர். மேலே சொன்ன பரப்பு முழுவதையும் 20 மீட்டரில் நிரப்பினால் ஒரு படலத்துக்கு 30 லட்சம் செல்; பத்துப் படலத்துக்கு 3 கோடி. உன் மடிக்கணினியை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் உப்பின் முகப்பு இருக்கும் கரையோரப் பட்டையை மட்டும் நுணுக்கு. மேற்கே பூண்டிப் பக்கம் போகப் போகப் பெரிதாக்கு. பக்கத்துச் செல்லைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஒரே தாவலில் பெரிதாக்காமல் இருந்தால் நல்லது. குவாட்ட்ரீயில் தாவல் எப்போதும் இரண்டு மடங்குதான். அங்கே ஒரு அளவிலிருந்து அடுத்த அளவுக்குப் போகும் முன் சில செல்லாவது இடம் விடு.

கிணறு இருக்கும் செல்லில் மாடல் காட்டும் நீர்மட்டத்தைக் கிணற்றுக்குள் இருக்கும் நீர்மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதே. சதுரச் செல்லில் அது, செல் பக்கத்தின் ஏறத்தாழ 0.2 மடங்கு தூரத்தில் இருக்கும் நீர்மட்டம். 100 மீட்டர் செல் என்றால் கிணற்றிலிருந்து 20 மீட்டர் தள்ளி. களத்தில் அளந்ததோடு ஒப்பிட்டு "மாடல் பொருந்தவில்லை" என்று கடத்துதிறனை மாற்ற ஆரம்பிப்பதற்கு முன் இதை நினைவில் வை.

படலம் எங்கே மறைகிறது?

களிமண் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. ஒரு போர்வெல் பதிவில் 6 மீட்டர் இருக்கும், அடுத்ததில் 1 மீட்டர், மூன்றாவதில் இருக்கவே இருக்காது. மறையும் இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதைப் பார்த்துத்தான் நான் மென்பொருளை எடைபோடுவேன். படலமாக அடுக்கும் ஃபைனைட் எலிமென்ட் மாடலில் ஒவ்வொரு படலமும் எல்லை வரை ஓட வேண்டும்; களிமண் இல்லாத இடத்திலும் 10 சென்டிமீட்டரில் ஒரு பொய்ப் படலம் விட்டு, அதற்கு மணலின் குணத்தைக் கொடுப்பார்கள். கொடுக்க மறந்தால் இல்லாத களிமண் மாடலில் நீரைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஃபீஃப்ளோவின் புதிய பதிப்புகளில் படலக் கட்டுப்பாடு இல்லாத முழு முப்பரிமாண மெஷ்ஷும் போடலாம். மாட்ஃப்ளோ 6 இதைச் சுலபமாக்கிவிட்டது: அந்தச் செல்லின் ஐடொமைன் எண்ணை -1 என்று போட்டால் அது இல்லாமல் போய்விடும், மேல் செல்லும் கீழ் செல்லும் நேராகத் தொட்டுக்கொள்ளும். இந்த ஒரு வசதிக்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.

உப்புநீர் கனம் என்பதால் ஆப்பு மாதிரி அடியில் நுழையும். ஒரு நீர்த்தாங்கிக்கு ஒரே படலம் வைத்தால் அந்த ஆப்பு தெரியாது. கீழ் நீர்த்தாங்கியை ஐந்தாறாகவாவது பிரி.

சரி, எதைத் திறக்கலாம்?

முதல் மாதத்துக்கு மாடல்மியூஸ். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இலவச மென்பொருள். ஆறு, கிணறு, எல்லை எல்லாவற்றையும் கட்டத்தோடு ஒட்டாமல் தனிப் பொருள்களாக வைத்திருக்கும். கட்டத்தை மாற்றினால் அவை தாமாகப் புதிய செல்களில் போய் உட்காரும். குவாட்ட்ரீ நுணுக்கமும் அதிலேயே செய்யலாம். கற்றுக்கொள்பவளுக்கு இது பெரிய ஆறுதல்.

அதன்பின் ஃப்ளோபை என்ற பைத்தான் தொகுப்புக்கு வந்துவிடு. பைத்தானில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும். கிரிட்ஜென்னைக் கூப்பிட்டுக் குவாட்ட்ரீ போடும். டிரையாங்கிளைக் கூப்பிட்டு முக்கோணம் போட்டு, அதிலிருந்து வோரனாய் செய்து தரும். செய்ததை நேராக மாட்ஃப்ளோ 6-க்குள் வைக்கும். நடுவில் கோப்பு மாற்றும் வேலையே இல்லை. ஒன்றை மட்டும் கவனி: ஃப்ளோபை பூஜ்யத்திலிருந்து எண்ணும், மாட்ஃப்ளோ கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும். வெளியே தயாரித்த செல் எண்களை உள்ளே கொண்டுவரும்போது இதை மறந்தால் கிணறு பக்கத்துச் செல்லுக்குத் தாவிவிடும்.

ஃபைனைட் எலிமென்ட் பக்கம் போனால் எனக்கு ஜிமெஷ்தான் முதல். கிறிஸ்டோஃப் கெஸைனும் ஷான்-ஃபிரான்ஸுவா ரெமக்கிளும் 1996-ல் தொடங்கியது, இன்றும் உயிரோடு வளர்கிறது. செல் அளவை ஆற்றிலிருந்துள்ள தூரத்தைப் பொறுத்து மாற்று என்று ஒரு சூத்திரமாகவே எழுதலாம். அதில் புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவை விழும் இடம் ஒன்று: நீ ஏதாவது ஒரு பிசிக்கல் குரூப் பெயர் வைத்துவிட்டால், பெயர் வைத்த பகுதியை மட்டுமே கோப்பில் சேமிக்கும். கரைக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு நிலத்துக்கு வைக்க மறந்தால் கோப்பில் கரை மட்டும் இருக்கும். இன்னொன்று, இது இயல்பாக 4.1 வடிவத்தில் எழுதும். பல சால்வர்கள் பழைய 2.2 வடிவத்தைத்தான் படிக்கும். சேமிக்கும்போதே கேட்டுவிடு.

டெட்ஜென், லாக்ரிட் என்ற முப்பரிமாண மெஷ் மென்பொருள்கள் இரண்டும் உனக்கு இப்போது வேண்டாம். கடினப் பாறையில் வெடிப்புகளை ஒவ்வொன்றாக மாடல் செய்யும் நாள் வந்தால் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் லாக்ரிட்டையும், அதன்மேல் கட்டிய டிஎஃப்என்வொர்க்ஸையும் பார்க்கலாம். அது தனி உலகம்.

காசு கொடுத்து வாங்கும் ஃபீஃப்ளோ, ஜிஎம்எஸ் நல்ல மென்பொருள்கள். உன் துறையில் ஏற்கெனவே உரிமம் இருந்து, பக்கத்து மேசையில் அது தெரிந்த ஆளும் இருந்தால் தயங்காமல் எடு. பக்கத்தில் ஆள் இருப்பது எந்த வசதியையும்விடப் பெரியது. படிப்பு முடிந்ததும் உரிமம் போய்விடும் என்பதையும் யோசித்துக்கொள்.

இலவசம் என்றாலும் உரிமத்தைப் படி. டிரையாங்கிளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். விற்கும் பொருளுக்குள் வைக்க வேண்டுமானால் ஆசிரியரின் அனுமதி வேண்டும். டெட்ஜென் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. நாளைக்கு நீ ஒரு நிறுவனத்தில் கருவி கட்டினால் இது வந்து நிற்கும்.

மெஷ்ஷை நீ ஒரு தடவை போட மாட்டாய்

இதை நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். புதிய போர்வெல் பதிவு வரும். வழிகாட்டி எல்லையை மேற்கே தள்ளச் சொல்வார். கரையோரம் 20 மீட்டர் போதாது, 10 ஆக்கு என்பார்கள். ஒரு வருஷத்தில் இருபது தடவை மறுபடி போடுவாய். மௌஸால் இழுத்து இழுத்துப் போட்ட மெஷ் என்றால் இருபது தடவையும் கையால்தான் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி வரும். நிரலாக எழுதி வைத்திருந்தால் ஒரு எண்ணை மாற்றி ஓட்டிவிட்டு டீ குடித்து வரலாம். எழுத்தில் கட்டளை கொடுக்க முடியாத மென்பொருளை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்காதே. கோடுகள், நிரல், மென்பொருளின் பதிப்பு எண் மூன்றையும் ஒரே கோப்புறையில் வை.

எதையும் முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி ஒரு சோதனை செய். உன் உண்மையான மெஷ்ஷையே எடு. நிலம் முழுக்க ஒரே கடத்துதிறன், படலங்கள் எல்லாம் தட்டை, கிணறு இல்லை, மழை இல்லை. எல்லைச் செல்கள் அத்தனையிலும் நீர்மட்டத்தைக் கொடு: மேற்கு ஓரத்தில் 10 மீட்டர், கிழக்கு ஓரத்தில் 0, நடுவில் தூரத்துக்கு ஏற்ப நேர்க்கோட்டில் இறங்கட்டும். உள்ளே வர வேண்டிய விடை உனக்கே தெரியும். ஒவ்வொரு செல் மையத்திலும் அதே நேர்க்கோட்டு மதிப்பு. மாடல் காட்டுவதிலிருந்து அதைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் பாராவியூ என்ற படம் காட்டும் மென்பொருளில் நிறம் போட்டுப் பாரு. நல்ல மெஷ்ஷில் படம் ஒரே நிறமாகக் கிடக்கும். குவாட்ட்ரீயில் திருத்தம் போடாமல் ஓட்டினால் செல் அளவு மாறும் கோடுகள் மட்டும் நிறம் மாறித் தெரியும். அதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் செங்குத்து விதியை நீ மறக்கவே மாட்டாய். அடுத்து ஒரு கிணற்றைப் போட்டு, கிணற்று இறைப்புக்கான 1935-ன் தைஸ் சமன்பாட்டு விடையோடு ஒப்பிடு. கடைசியாகச் சின்ன ஒரு பெட்டியில் ஹென்றி கணக்கு. கடல்நீர் மாடல் போடும் எல்லோரும் 1964-லிருந்து இன்றுவரை அதில்தான் கை பழகுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். கொசஸ்தலையாற்றின் கோட்டுக் கோப்பை, சுத்தம் செய்வதற்கு முன் இருந்ததையும் பின் இருப்பதையும், இரண்டையும் அனுப்பு. முனைகளின் இடைவெளியை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், அதன்பின் டிரையாங்கிளை ஓட்டு.